ஜொஹ்ரா கேட்ட காவல்

கடையநல்லூரிலிருந்து பாட்சாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஜொஹ்ரா புனேக்கு வந்தபோது, கேம்ப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியேறினாள். மர உத்தரங்களும் மரப்படிகளும் கொண்ட கட்டடம் அது. பாட்சாவின் வாப்பா காலத்திலிருந்தே அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு. கீழே இறங்கி இரண்டு சந்து தாண்டினால் பாட்சாவின் கடை. பயணப்பைகளும் சூட்கேஸ்களும் விற்றார்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போன பிறகு பிறந்தவள் மிஸ்பா. காலேஜுக்குக் கிளம்பும்போது ஜொஹ்ரா அவளைப் பிடித்து நிறுத்தி, துஆ ஓதித் தலையில் ஊதி அனுப்புவாள். பிள்ளைக்குப் பொறுமை இருக்காது.

"உம்மா, ஜல்தி ஓது, பஸ் போயிடும்."

"போனா அடுத்த பஸ்ஸு வரும். சும்மா நில்லு."

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஓர் இன்ஜினியர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கட்டடம் மழையைத் தாங்காது, எல்லாரும் காலி செய்யுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் உடனே போய்விட்டார்கள். ஜொஹ்ராவின் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது.

"நாமளும் ஆகுர்டிப் பக்கம் ஒரு வீடு பாத்துப் போயிருவோம்ங்க" என்றாள்.

"காலி பண்ணினா வீட்டுக்காரன் மறுபடி உள்ள விடுவானா? எங்க வாப்பா இருந்த வீடுளா இது" என்றார் பாட்சா.

"சொவரு வெடிச்சுக் கெடக்கு. புள்ள இருக்கா வீட்டுல."

"அல்லா மேல பாரத்தப் போடு. அவனுக்குத் தெரியாம ஒரு கல்லு விழுமா?"

அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை. அல்லாஹ்வின் பேரைச் சொன்ன பிறகும் மறுத்துப் பேசினால், தான் நம்பிக்கை இல்லாதவள் ஆகிவிடுவோமோ என்று பயந்தாள். மிஸ்பாவின் கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டாள். அவளால் முடிந்தது அதுதான்.

ஜூலையில் மழை விடாமல் பெய்தது. காலேஜுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்காக ஜொஹ்ரா கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தாள். மிஸ்பா உள்ளறையில் போனில் சிநேகிதியோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்மாடியில் எதையோ இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. ஜொஹ்ரா நிமிர்ந்து பார்ப்பதற்குள் தரை காலடியிலிருந்து நழுவியது.

கண் விழித்தபோது இருட்டு. வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். வலது காலின் மேல் ஓர் உத்தரம் கிடந்தது. ஒரு கையை மட்டும் அசைக்க முடிந்தது. எங்கோ மிக அருகில் மிஸ்பாவின் குரல் கேட்டது.

"உம்மா... எங்கே இருக்கே? எனக்குத் தெரியலே."

"இங்கதான் இருக்கேன் கண்ணு. பயப்படாத."

"நெஞ்சு மேலே ஏதோ இருக்கு. பானி... தண்ணி வேணும், உம்மா."

கையை நீட்டித் துழாவினாள். செங்கல்தான் தட்டுப்பட்டது. தினமும் காலையில் ஓதும் துஆவைச் சத்தமாக ஓதினாள். இடிபாடுகளுக்கு நடுவே அந்தத் திசையைப் பார்த்து ஊதினாள். தூசிதான் திரும்பி முகத்தில் விழுந்தது. மிஸ்பா கொஞ்ச நேரம் கூடவே முணுமுணுத்தாள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு ஜொஹ்ராவின் குரல் மட்டும் கேட்டது.

அவள் கத்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இதுவரை கேட்டதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தானே என்று அல்லாஹ்விடம் சண்டை போட்டாள். கத்தக் கத்தத் தொண்டை அடைத்துப்போனது. கடைசியில் காப்பாற்று என்று கேட்பதற்கு அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. "நீ எங்கயும் போயிராத" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். அதன் பிறகு அவளுக்குப் பயம் இல்லை. வலி இருந்தது, துக்கம் இருந்தது, ஆனால் தனியாகக் கிடக்கவில்லை என்று தெரிந்தது. அது எப்படி என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. சொல்ல முயன்றதும் இல்லை.

மேலிருந்து ஓர் ஆணின் குரல் மராத்தியில் கேட்டது. "மாவ்ஷி, ஆவாஜ் த்யா!" சித்தி, குரல் கொடுங்க என்று.

தீயணைப்பு வீரர்கள் முதலில் எடுத்தது அவளைத்தான். "எம்புள்ள, எம்புள்ள அந்தப் பக்கம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்கும் புரியவில்லை. கடையிலிருந்து ஓடிவந்து மழையில் நின்ற பாட்சாவுக்குத்தான் அது புரிந்தது. அவர் அந்தப் பக்கம் ஓடினார்.

ஜொஹ்ராவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகளை அடக்கம் செய்தபோது ஜொஹ்ரா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். கடைசியாக அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகுர்டியில் ஓர் அறை எடுத்துக் குடியேறினார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: அல்லாஹ் உன்னையாவது காப்பாற்றினானே. ஒரு நாள் அவள் பொறுக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீய. அப்ப அவள அவன் கைவிட்டுட்டான்னு ஆயிரும்."

நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து வேளையும் தொழுதாள். பாட்சா தொழுவதை விட்டுவிட்டார். கடையைத் திறப்பார், மூடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

"அவன நம்புனேன். எம்புள்ளயக் குடுத்தேன். இன்னும் என்னத்துக்குப் போவ?"

ஜொஹ்ரா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவன நம்பல. வீட்ட நம்புனீய. வீடு போயிரும்னு பயந்துட்டு, அவன் பேரச் சொன்னீய. நானும் வாய மூடிக்கிட்டேன்."

பாட்சா எழுந்து வராந்தாவுக்குப் போனார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்படி அழுதார். அன்று பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. பிறகு ஒருநாள், எதுவும் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

இடிந்த கட்டடத்தை ஒட்டி, அதே வயசில் இன்னொரு கட்டடம் இருந்தது. அதையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அங்கே இருந்த அனீசா ஜொஹ்ராவுக்குப் பழக்கமானவள், தென்காசிக்காரி. அனீசாவின் கணவர் வஹாப் போக மறுப்பதாகக் கேள்விப்பட்டதும், தன்னை அங்கே கூட்டிப் போகச் சொன்னாள் ஜொஹ்ரா. பாட்சா ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார். கட்டடத்துக்குள் அவளால் நுழைய முடியவில்லை. சந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைக் கீழே வரச் சொன்னாள்.

"என்ன செய்யச் சொல்லுதிய லாத்தா? எல்லாம் அல்லா பாத்துக்கிடுவான்" என்றார் வஹாப்.

"தம்பி, அவன் பேரச் சொல்லாதீய. வேற காரணம் இருக்குல்லா, அதச் சொல்லுங்க."

வஹாப் அவளுடைய காலில்லாத இடத்தைப் பார்த்தார்.

அந்த வாரமே அனீசா பிள்ளைகளோடு நிக்டிக்குக் கிளம்பிவிட்டாள். வஹாபும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். வீட்டுச் சொந்தக்காரர் பூட்டுப் போட்டார். சாவி திரும்ப வரவில்லை. மேல்மாடியில் இரண்டு குடும்பங்கள் யார் சொல்லியும் கேட்காமல் அங்கேயே இருந்துவிட்டன.

அந்தக் கட்டடம் விழவில்லை. அடுத்த மழையும் போய்விட்டது, அப்படியே நிற்கிறது. கால் போன பொம்பளை பேச்சைக் கேட்டு வீட்டைத் தொலைத்தேன் என்று வஹாப் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது ஜொஹ்ராவின் காதுக்கும் வந்தது.

போன மாதம் அனீசா பார்க்க வந்தபோது வெளியே நல்ல மழை. ஜொஹ்ரா தொழுது முடித்து, கையை ஏந்தியபடி நெடுநேரம் இருந்தாள்.

"இவ்வளவு நேரம் என்ன கேட்டிய லாத்தா?"

"அந்த மேல்மாடியில இருக்காவல்லா, அவுகளுக்காவத்தான். அது விழுந்துரக் கூடாதுன்னு."

"அது விழலன்னா எங்க வீட்டுக்காரரு சொன்னதுதான் சரின்னு ஆயிருமே."

"ஆயிட்டுப் போவட்டும்" என்றாள் ஜொஹ்ரா.