சகலையின் மக்காச்சோளமும் என் தோட்டத்து மயில்களும்

அடிபட்ட உயிர்களைத் தூக்கிச் சுமக்கிற வேலையில் சம்பளம் கிடையாது; வசவு மட்டும் நாள் தவறாமல் வந்துவிடும். உங்களில் யாராவது இதே பாட்டைப் பட்டுக்கொண்டிருந்தால், நான் கூட்டிச் சொல்லவில்லை என்பது தெரியும்.

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த மில்லை மூடியதும், எட்டயபுரம் ரோட்டில் மாமனார் விட்டுப்போன கரிசல் காட்டுக்குக் குடிபோனேன். இரண்டு பெண்மக்களுக்கும் பாதிப் பாதி. கிணறு உள்ள பாதி என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை புருஷனுக்குப் போனது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், இன்னும் மறக்கவில்லை. என் பாதியில் மருந்து அடிக்கவில்லை, செத்தையைக் கூட்டவில்லை. உடைமரமும் நொச்சியும் தன் போக்கில் வளர்ந்தன. சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் வைத்தேன். ஓணான், கீரி, மைனா என்று வந்து, கடைசியில் ஒரு ஆண்மயிலும் நாலு பெட்டையும் அங்கேயே அடைய ஆரம்பித்தன. சகலை தன் பாதியில் மக்காச்சோளம் போட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

கிணற்றுக்குள் கட்டில்

எங்கள் பக்கத்துக் காட்டுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கோடையில் கரிசல் வெடித்து விளிம்பு சரியும். நாயோ முயலோ, ஓடிவந்த வேகத்தில் உள்ளே போய்விடும். ஆள் இறங்கினால் பயத்தில் முங்கிச் செத்துப்போகும். அதனால் கயிற்றுக் கட்டிலின் நாலு காலிலும் வடம் கட்டி இறக்குவோம். நீந்திக் களைத்தது தானே அதில் ஏறி உட்காரும்.

அந்த ஆண்மயில் ஒரு நாள் சகலையின் கிணற்றில் விழுந்தது. நனைந்த தோகையோடு அதனால் எழும்ப முடியவில்லை. வடம் பிடிக்க நாலு பேர் வேண்டும். மூன்று பேர்தான் இருந்தோம். பீடி குடித்துக்கொண்டு நின்ற சகலையைக் கூப்பிட்டேன். அவர் சொன்னது: “பிடிக்கேன் சகலை. ஆனா மேல வந்ததும் அது உம்ம பக்கமாத்தான் போகணும். எஞ்சோளத்துப் பக்கம் தலையைத் திருப்புச்சுன்னா கயித்தை விட்டுருவேன், பாத்துக்கிடும்.”

மாம்பழக் கலர்

வெயிலில் சுருண்டு விழுந்த பறவையின் அலகைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லி என் வாய் வலிக்கிறது. ஊற்றியது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓட்டைபோட்ட அட்டைப் பெட்டியில் வைத்து நிழலில் விட்டாலே பாதி பிழைத்துக்கொள்ளும்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, மைனா ஒன்றை முந்தானையில் பொதிந்துகொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தால் மூக்குத் துளையில் மஞ்சளாக நுரை. கடையில் மாம்பழக் கலர் பாட்டில் வாங்கி அலகில் ஊற்றியிருக்கிறார். என் கையிலேயே அது அடங்கியது. கோபத்தில் கத்திவிட்டேன். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: “வையாதீங்க அண்ணாச்சி. எம்பிள்ளைக்குக்கூட வாங்கிக் கொடுக்காம இதுக்கு ஊத்துனேன்.”

தகரம்

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மயில் இறங்கினால், உரித்துத் தின்றுவிடும். சகலைக்கு நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் என் தோட்டத்தின் பாதியில் கம்பு விதைத்து, அறுக்காமல் மயிலுக்கென்றே விட்டேன். விடியும்போதும் பொழுது சாயும்போதும் வரப்பில் நின்று தகரம் தட்டினேன். மயில்கள் கம்பையும் தின்றன, சோளத்தையும் தின்றன.

கொழுந்தியாள் ஒரு நாள் வரப்போரமாக வந்து, இடுப்பில் கைவைத்து நின்று சொன்னாள்: “அத்தான், நீங்க தட்டுத தட்டுல எங்க கோழிதான் முட்டையிட மாட்டேங்கு. மயிலு உங்க மேளத்துக்குத் தலையாட்டிக்கிட்டேல்லா திங்குது.”

எலி மருந்து

மார்கழியில், லாரியில் அடிபட்ட நாய் ஒன்றைத் தூக்கக் கயத்தாறு போயிருந்தேன். நான் திரும்பியபோது தொட்டியடியில் நாலு பெட்டையும் விறைத்துக் கிடந்தன. விஷம் தின்றால் தாகம் எடுக்கும். நான் வைத்த தண்ணீருக்குத்தான் வந்திருக்கின்றன. ஆண்மயிலுக்கு மட்டும் உயிர் இருந்தது. கழுத்தைத் தூக்கும், உடனே தரையில் அடிக்கும். மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வருவதற்குள் அதுவும் போய்விட்டது.

வரப்பில் பூச்சிமருந்து வாடையோடு ஊறப்போட்ட சோள முத்துகள் கிடந்தன. ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்து, சகலை வீட்டு வாசலில் அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “எலிக்கு வச்சேன் சகலை. எலிக்கு வச்சதைத் திங்கக் கூடாதுன்னு மயிலுக்குல்லா தெரியணும்?”

மாலை போட்டவர்

வனத்துறைக்குப் போன் போட்டுச் சொன்னேன். நாங்கள் வருகிறவரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். ஐந்தையும் கிடந்த இடத்திலேயே சாக்கைப் போட்டு மூடினேன். நாய் வராமலிருக்கக் கம்போடு காவல் உட்கார்ந்தேன். சாக்குக்கு வெளியே தோகை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் அது முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது.

சகலை வந்தார். குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்தார். கழுத்தில் திருச்செந்தூர் போக மாலை. மாதம் பிறந்ததிலிருந்தே கிடக்கிறது. தன் பெயரைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சாக்கையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நடந்தது நடந்துபோச்சு சகலை. ஜீப்பு வாரதுக்குள்ள அந்தத் தோகையை மட்டும் கொடுத்திரும், என் காவடிக்கு வேணும். குட்டையா இருந்தாலும் பரவால்ல. உமக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன்.”

தோகை ஜீப்பில்தான் போனது. இத்தனை வருசத்தில் எங்கள் காட்டு மயில் தனக்கு வேண்டும் என்று ஒரு மனிதர் வந்து என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் அது செத்த பிறகு.