பழைய ஏர்போர்ட்டுக்குப் போன மல்லிகை

ஜெய்தூன் பீவிக்குச் சூசை கொடுக்கவேண்டிய கடன் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். அப்படி ஒரு கடன் இருப்பது அவளுக்கே தெரியாது. சூசைக்கு மட்டும்தான் தெரியும்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் சூசை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், இன்று குளிர்சாதன வண்டி மூன்று வைத்திருக்கிறார். ஒருத்தர் தயவில் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. மதுரை விமானத்தில் சரக்குக்கு இடம் கிடைக்காத காலத்தில், பெங்களூர் வரை வேனில் பூ ஏற்றிப்போய் பம்பாய்க்குப் பறக்கவிட்டவர் இந்த ஊரிலேயே தான்தான் என்பார். மறுத்துப் பேச ஆளில்லை.

பெங்களூரின் பழைய விமானநிலையம் அப்போது நகரத்துக்குள்ளேயே இருந்தது. விமானம் செய்கிற தொழிற்சாலையின் ஓடுபாதையில்தான் டில்லி, பம்பாய் விமானங்களும் இறங்கின. டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால் வாசல். கூட்டம் பெருத்து இடம் போதாமல் போகவே, வெகுதூரத்தில் புதிது கட்டினார்கள். பழையதை மூடக்கூடாது என்று அங்கிருந்தவர்கள் கொடி பிடித்தார்கள். புதிதைத் திறக்கும் தேதியும் தள்ளித் தள்ளிப் போனது. சூசையின் வேன் வழக்கம்போல் போய்வந்தது.

2008 மே மாதம் சரக்கு ஏஜெண்டிடமிருந்து ஒரு தாள் வந்தது. முழுக்க இங்கிலீஷ். இதுவும் தேதி தள்ளிப்போன சேதிதான் என்று தானே முடிவுகட்டி, சட்டைப்பையில் மடித்து வைத்தார். பக்கத்துக் கடை மிக்கேல்ராஜிடம் நீட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் வாசித்திருப்பான். இது கூடத் தெரியாதா அண்ணனுக்கு என்று அவன் கேட்டுவிட்டால் என்ன செய்வது?

ஜெய்தூன் பீவி பேகம்பூர்க்காரி. புருஷன் போனபின் பெண்களை வைத்துப் பூத்தொடுத்துப் பிழைத்தவள். பம்பாய்க் கல்யாணம் ஒன்றுக்கென்று நூற்றிருபது கிலோ மல்லிகைச் சரத்தை, நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கை, அந்த வாரம் அவரிடம் ஒப்படைத்தாள். விடியும்போது வேன் பழைய வாசலில் நின்றது. கதவு சாத்திக் கிடந்தது. ராத்திரியோடு எல்லாம் முடிந்தது என்றான் காவலாளி. வண்டியை விரட்டிப் புதிய இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. வெயிலில் பூ பழுத்துக் கருத்தது.

மழையால் விமானம் கிளம்பவில்லை என்று வந்து சொன்னார். ஜெய்தூன் பீவி பூவுக்குப் பணம் கேட்கவில்லை. வளையலை விற்றுப் பெண்களுக்குக் கூலி கொடுத்தாள்.

அந்த ஏர்போர்ட் கதையைச் சூசை அதற்குப் பிறகு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த ஒரு காலையை மட்டும் தாண்டிப் போய்விடுவார்.

இந்த வருஷம் அவள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாள். போகிறவர்கள் தெரிந்தவர்களைத் தேடிப்போய், பிழை பொறுத்துப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். சூசை கடைக்கும் வந்தாள்.

"அண்ணே, அந்த மல்லிகைய வழியில வித்துத் தின்னுட்டீங்கன்னு மனசுக்குள்ள ரொம்ப நாளு வஞ்சிருக்கேன். பொருந்திக்கங்க."

சரி தாயி என்று சொன்னால் தீர்ந்தது. அவளும் போய்விடுவாள். ஆனால் தான் சொன்ன பொய்க்கு அவள் மன்னிப்புக் கேட்டு நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

"மழையே பேயல தங்கச்சி," என்றார். மிக்கேல்ராஜ் காது கொடுத்து நிற்பது தெரிந்தே, பழைய ஏர்போர்ட்டை மூடும் தேதி போட்டிருந்த அந்தத் தாளைப் பற்றியும் சொன்னார். "எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அதச் சொல்ல வெக்கம். அம்புட்டுத்தான்."

ஜெய்தூன் பீவி அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"எம் மக அப்பப் பத்தாவது. எங்கிட்டக் குடுத்திருந்தா அவ படிச்சுச் சொல்லிருப்பாளேண்ணே."

கல்லாவிலிருந்து வட்டியும் சேர்த்து ஒரு லட்சத்தை எடுத்து முன்னால் வைத்தார். வட்டி எங்களுக்கு ஆகாது, முதல் மட்டும் போதும் என்று மிச்சத்தைத் தள்ளினாள். பொருந்திக்கொண்டாயா என்று கேட்டார்.

"பொருந்திக்கிட்டேன்னு சொல்ல வாய் வரலண்ணே. மொதல்ல எண்ணுங்க."

கையை நீட்டினாள். ஐநூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். நாற்பத்தெட்டாயிரம் கணக்குச் சரியாக, தொண்ணூற்றாறாவது நோட்டையும் அவளது விரித்த உள்ளங்கையில் வைத்தார்.