முதலில் அண்ணனின் ரத்தம்

சோதனைக்குப் போனது நான். மருத்துவர் முதலில் கேட்டது அண்ணனின் ரத்தத்தை.

அண்ணனுக்கு ஹீமோஃபிலியா (காயம்பட்டால் ரத்தம் எளிதில் உறையாத பரம்பரைக் குறைபாடு). குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் கணக்கு எழுதுகிறான். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து வலது முழங்கால் மடங்காது. அவனுடைய மரபணுவில் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டால்தான், அது எனக்கும் உண்டா என்று தேட முடியுமாம். நான் குழந்தை பெற எண்ணியிருந்தேன்.

உன்னைப் போல் ஒரு பிள்ளை பிறந்துவிடுமோ என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் ரத்தம் கொடு. இதை எந்த வாயால் கேட்பது? அம்மாவிடம் சொன்னேன். "அவனுக்க மனசு நோவாதா மக்கா?" என்றவள், அவளே அவனிடம் சொல்லியும் விட்டாள். அம்மா வாயில் எதுவும் தங்காது.

அண்ணன் பஸ் ஏறி மருத்துவமனைக்கே வந்துவிட்டான். "சிஸ்டர், சின்ன ஊசியா எடுங்க. பொறவு அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கப் போறது நாந்தானே" என்றான். பஞ்சை அழுத்தியபடி நடைவழியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னைப் போல ஒருத்தன் வேண்டாம்னுதானே பாக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத ஏட்டி. பாக்கணும். எனக்குப் பல்லு விழுந்து ரத்தம் நிக்காமப் போனப்பொறவுதான் தெரிஞ்சுது. முன்னமே தெரிஞ்சா நல்லதுதானே?"

முடிவு வந்தது. நான் கடத்தி (குறைபாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியவள்). போதாததற்கு, ரத்தத்தை உறையவைக்கும் பொருள் எனக்கே குறைவு. நோயாளர் பதிவேட்டில் (யாருக்கு எந்தக் குறைபாடு, என்ன மருந்து என்ற விவரத் தொகுப்பு) அண்ணனோடு என் பெயரும் ஏறியது.

கோபம் வந்தது. வீட்டில் அண்ணன் கையில் கத்தி கொடுக்கமாட்டார்கள். மீன் வெட்டுவது, தேங்காய் துருவுவது எல்லாம் நான்தான். கை கிழிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். மாதவிலக்கு நிற்காமல் போனாலும், "நம்ம வீட்டுப் பொண்ணுகளுக்கு அப்படித்தான்" என்பாள் அம்மா. அவளையும் கூட்டிப்போனேன். அவளுக்கும் குறைவு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அண்ணனோ தம்பியோ இருந்தால், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரைப் பதிந்தால் பெண் கேட்டு யார் வருவார்கள் என்று பயந்து எங்கள் சித்தி மகள் இன்னும் வரவில்லை. பல் பிடுங்கப் போய் உட்காரும்போது அந்தப் பயம் உதவாது.

நான் கருவுற்றபோது, கருவிலேயே பார்க்கும் சோதனையும் உண்டு என்றார் மருத்துவர். நானும் கணவரும் வேண்டாம் என்றோம். வேண்டும் என்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். மருந்து தயாராக இருந்த மருத்துவமனையில் பெற்றேன். மகன். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். அவனுக்கும் உண்டு. மூட்டில் ரத்தம் கசியும் முன்பே தடுக்க இப்போது மருந்து உண்டு என்றார் மருத்துவர்.

அன்று அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

மகனின் தடுப்பூசிக்கு அண்ணனே கூட வந்தான். மெல்லிய ஊசியில் தோலுக்கடியில் போட்டார்கள். மகன் தொடையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஊசி போட்ட கையோடு எழுந்து போய்விடுகிறவளாக இருந்தேன் நான். இப்போது எனக்கு ஊசி போட்டாலும் பஞ்சை அழுத்திக் காத்திருக்கப் பழகியிருக்கிறேன். இருந்தாலும் பிள்ளை அழுதால் மனம் கேட்கிறதா? பஞ்சை எடுக்கலாமா என்று கேட்டேன்.

"நில்லு ஏட்டி, என்ன அவசரம்?" என்றான். பிறகு மகனிடம் குனிந்தான்.

"ஏலே மக்கா, மாமன் கொஞ்சம் முந்திப் பிறந்துட்டேன். நீ நேரம் பாத்து வந்திருக்க."