ஜெஸ்வின் புகைக்குள் மூச்சுவிடப் பழகியது

என் மகன் லூர்துவின் பையன் ஜெஸ்வின் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறான். நடக்கப் பழகிய கையோடு காவிரியில் இறங்கியவன். ஆற்றங்கரையில் எங்கள் மேலச்சிந்தாமணிப் பிள்ளைகள் முங்கிப்போய் அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவார்கள். மண் இல்லாமல் மேலே வந்தால் கேலிதான். எங்கள் ஜெஸ்வின் வெறுங்கையோடு வந்ததே இல்லை. வேலைக்குப் போன பிறகும் காவிரியோ கொள்ளிடமோ, ஆற்றில் ஆள் விழுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் எரிகிற வீட்டுக்குள் போக அது போதாதாம். முகமூடி மாட்டி, முதுகில் காற்று சிலிண்டர் சுமந்து, புகை நிரப்பிய அறைக்குள் தவழ்ந்துபோய், அங்கே கிடக்கும், ஆள் கனத்துக்கு மணல் அடைத்த பொம்மையை இழுத்துவர வேண்டும். அதில் தேறாதவன் வெளியே பம்ப் பக்கம் நிற்க வேண்டியதுதான். உள்ளே ஆள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்க அவனால் முடியாது. அது எனக்குத் தெரியும்.

முதல் நாள் உள்ளே போனான். ஏற்கெனவே தேறிய பவித்ரா துணைக்கு, அவன் கணுக்காலைப் பிடித்தபடி பின்னால். கதவு மூடியதும் சாம்பல் நிறத்தில் எல்லாம் கரைந்துபோனது. சுவர் கரைந்தது, தன் கை கரைந்தது. சத்தமெல்லாம் எங்கோ மேலே நின்றுவிட்டது. ஆற்றின் அடியில் இருப்பதுபோல் அவனுக்கு அத்தனை சுகமாக இருந்ததாம். உடம்பு தானாக மூச்சை அடக்கிக்கொண்டது. அவன் நீந்தினான் என்றுதான் நான் சொல்வேன். புகையில் யாராவது நீந்துவார்களா என்று அவனே கேட்கிறான். கேட்கட்டும்.

முகமூடிக்குள் மூச்சு சத்தம் வராததால், மயங்கிவிட்டான் என்று பவித்ரா பயந்துபோனாள். காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டாள்.

பயிற்சி தரும் சுடலைமுத்து சிலிண்டரில் காற்றின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார்.

"காத்து அப்படியே இருக்கு. யாருக்குய்யா சேத்து வச்சிருக்க, பொறக்கப்போற பேரனுக்கா?"

"மறந்துட்டேன் சார்."

"மூச்சு விடவா? அடக்கி அடக்கி வச்சா உள்ள மயங்கி விழுவ. அப்புறம் உன்னத் தூக்க நாலு பேர் வரணும். நாளைக்கு ஒரு தடவ பாப்போம். அதோட சரி."

டீ குடிக்கும்போது பவித்ராதான் வழி சொன்னாள்.

"அண்ணே, பேசிக்கிட்டே வாங்க. பேசுறவன் எப்படி மூச்ச அடக்குவான்?"

"புகைக்குள்ள என்னத்தம்மா பேசுறது?"

"நம்ம ஊரு ஒண்ணாம் நம்பர் பஸ்ல போறதா நெனச்சுக்கங்க. சென்ட்ரல்லேருந்து ஸ்டாப்பிங் பேரச் சொல்லிக்கிட்டே வாங்க."

"என்னைக் கண்டக்டராவே ஆக்கிட்டியா?"

"இப்ப இருக்குற லட்சணத்துக்கு அந்த வேலையும் கெடைக்காது."

மறுநாள் மறுபடியும் அந்தச் சாம்பல் உலகம். இடது கை சுவரோடு, வலது புறங்கையால் முன்னால் தடவிக்கொண்டு போனான். "ஜங்ஷன்" என்றான். குரல் முகமூடிக்குள் உருண்டது. "பாலக்கரை." காற்று உள்ளே வந்தது, வெளியே போனது. "மெயின்கார்டு கேட்." புகைக்குள் கடைகளும் பூக்காரிகளும் மிதந்து போனதாகச் சொல்கிறான். சத்திரம் வந்தது. அடுத்தது பாலம்.

பாலத்துக்குக் கீழே ஆறு. அங்கே வாய் நின்றுவிட்டது. குளிர்ந்த தண்ணீர் வா வா என்று கூப்பிட்டது. நெஞ்சு மெல்ல மூடிக்கொண்டது.

கணுக்காலில் ஓர் அடி விழுந்தது.

"அண்ணே, வண்டிய எடுங்க! டிக்கெட் வாங்குனவ பின்னால இருக்கேன்!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வராமலா போகும்? "மாம்பழச் சாலை!" என்று கத்தினான். அம்மா மண்டபம் என்று சொல்லும்போது புறங்கையில் மணல் பொம்மையின் தோள் தட்டியது. இழுத்துக்கொண்டு, வந்த வழியே ஒவ்வொரு ஸ்டாப்பிங்காகத் திரும்பினான்.

வெளியே சுடலைமுத்து முள்ளைப் பார்த்தார். முள் நன்றாக இறங்கியிருந்தது. வரிசையில் அடுத்து நின்ற சர்ஃபராஸைக் கூப்பிட்டு, ஜெஸ்வின் பக்கம் திரும்பினார்.

"வேற சிலிண்டர் மாட்டு. இவனுக்கு நீ துணை."

தேறியவனைத்தானே துணைக்கு அனுப்புவார்கள்! பவித்ரா அவன் முதுகில் சிலிண்டரை ஏற்றி வாரை இறுக்கிவிட்டாள். சர்ஃபராஸின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஜெஸ்வின் மூன்றாம் முறை உள்ளே போனான். கதவு மூடியது. முன்னால் சர்ஃபராஸின் மூச்சு வந்து வந்து போனது. அது நிற்காமல் இருக்கிறதா என்று காது கொடுத்தபடி, தானும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டே தவழ்ந்தான்.