ஒன்பது எழுத்து

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மெஷினுக்கு மெஷின் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பெண்கள், “இன்னாக்கா போட்டுக்குது இதுல?” என்று என்னிடம்தான் கேட்பார்கள். காஷன் என்று போட்டிருக்கிறது, ஜாக்கிரதை என்று அர்த்தம், கையை உள்ளே விடாதே என்பேன். அதே வார்த்தையை ஆளைப் பார்த்துச் சொன்னால் கண்டிப்பது, எச்சரித்து விடுவது என்று பொருள். இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேனே, இதில் கால்வாசி எனக்கு இரண்டாம் வகுப்பில் தெரிந்திருந்தால் இந்த மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்க மாட்டேன்.

அப்போது திண்டிவனத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படித்தேன். இலவச ஒதுக்கீட்டில், குலுக்கல் போட்டுக் கிடைத்த இடம். பிரம்மதேசத்துப் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போன ஒரே பிள்ளை நான்தான். அம்மா கூலி வேலைக்குப் போகிறவள். தன் பெயரைத் தமிழில் எழுதுவாள், அதோடு சரி. ஆனால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஆள், படிக்காத வீட்டுப் பிள்ளைகளை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயமுறுத்தி, அம்மா பத்தாவது வரை படித்ததாகப் போட்டுவிட்டார். அந்தப் பொய்யை அம்மா பச்சைக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் பத்திரமாக வைத்திருந்தாள்.

வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. எனக்கோ வாயைத் திறந்தால் தமிழ்தான் வரும். முதல் தடவை, ஒன்றுக்கு வருகிறது மிஸ் என்று கேட்டு மாட்டினேன். இரண்டாவது தடவை, ஜன்னலில் அணில் வந்ததைப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினேன். மூன்றாவது தடவை நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முன் பெஞ்சுப் பெண்ணின் காலரில் குளவி உட்கார்ந்திருந்தது. “ஏய், ஆடாதடி, கொளவி!” என்று கத்திவிட்டேன். அவளை எச்சரித்ததற்காக எனக்கு எச்சரிக்கை கிடைத்தது. மூன்று தடவையும் டைரியில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை. ‘காஷன்டு’. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அது நல்ல வார்த்தை இல்லை என்று மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது, யாரை ஏமாற்றப் பார்க்கிறேன்! ஆனால் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ‘குட்’டுக்கு இங்கிலீஷில் நாலு எழுத்து. ‘எக்ஸலென்ட்’டுக்கு ஒன்பது. இதற்கும் ஒன்பது. அது போதும் எனக்கு. எக்ஸலென்ட் மாதிரிதாம்மா இதுவும் என்று சொன்னேன். அம்மா டைரியை மடியில் வைத்து, பேனாவை அழுத்திப் பிடித்து, தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதினாள்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை பிடுங்கும்போது நிலத்தில் இதுதான் பேச்சாம். “எம் பொண்ணு காஷன் வாங்கினு வந்துக்குது!” என்று சொன்னதும், “எங்க வூட்டுது வெறும் குட்டு வாங்கினு வருது, பள்ளிக்கூடத்துல ஒண்ணு, வூட்ல ஒண்ணு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி எல்லோரும் சிரித்தார்களாம். மெட்ராஸில் சென்டரிங் வேலையில் இருந்த அப்பாவுக்கும் போனில் செய்தி போய்விட்டது.

பள்ளியிலிருந்து அம்மாவை வரச் சொன்னார்கள். பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தலைமை ஆசிரியை மேடத்துக்கென்று மல்லாட்டை அவித்து மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டாள்.

மேடம் டைரியைத் திருப்பி வைத்து, மூன்று கையெழுத்தும் உங்களுடையதுதானே என்று கேட்டார்கள். “ஆமாங்க மேடம்” என்று அம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். “மூணு தடவ எச்சரிச்சிருக்கோம், நீங்க சிரிக்கிறீங்க?” என்றார்கள் மேடம். அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்கள். “அர்த்தம் தெரியாமப் போட்டுட்டீங்களா? அப்படின்னா சொல்லுங்கம்மா, தப்பில்ல. பாப்பாவுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்.”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் என் இடத்தைப் பறித்துவிடும் என்று அம்மா நினைத்தாள். பத்தாவது படித்த அம்மா அல்லவா அவள், விண்ணப்பத்தில்! “தெரியுங்க மேடம். தெரிஞ்சுதான் போட்டேன்” என்றாள்.

தெரிந்தும் மூன்று தடவை பிள்ளையைத் திருத்தவில்லையென்றால் எங்களால் என்ன செய்ய முடியும், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. அம்மாவுக்கு நிஜமாகவே அர்த்தம் தெரிந்திருக்கிறது, என் பொய்யை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள், வீட்டுக்குப் போனால் தோலை உரிக்கப்போகிறாள் என்ற பயம் மட்டுமே எனக்கு. டி.சி. வேண்டி எழுதிய காகிதத்தை மேஜையில் வைத்தார்கள். அதுவும் இங்கிலீஷில்தான் இருந்தது. அம்மா படிப்பதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் எங்கள் தெரு அக்கா ஒருத்தி ஏறினாள். கல்யாணப் புடவையைப் பார்த்து, “இன்னா குடுத்தாங்க பொண்ணுக்கு?” என்று கேட்டாள்.

“இதுக்கு மேல சொல்லித்தர அங்க ஒண்ணும் இல்லியாம். வேற பள்ளிக்கூடத்துல போடச் சொல்லிட்டாங்க” என்றாள் அம்மா.

அம்மாவுக்கு என்மேல் கோபமில்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அடி விழாது என்று தெரிந்ததும் மல்லாட்டைப் பையை மடியில் இழுத்து வைத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தேன். ஜன்னலோரம் இருந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெயில் கண்ணில் படுகிறதாக்கும் என்று நினைத்து, நான் அந்தப் பக்கம் உட்காரட்டுமா என்று கேட்டேன்.