உரிமைக்காரி ஏறிய தோணி

எங்கள் தோணிக்கு முன்புறம் என்றும் பின்புறம் என்றும் இல்லை. இரு முனைகளும் ஒன்றுபோலவே கூர்த்து நிற்கும். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில், வளைந்த இரண்டு கழிகளின் நுனியில், நீரோடு படிந்து ஒரு மிதவைக் கட்டை கிடக்கும். பாய் விரித்தால் அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லையேல் தோணி கவிழும். ஆதலால் திரும்பி வரும்போது தோணியைத் திருப்புவதில்லை. பாயையும் சுக்கானையும் மறுமுனைக்கு மாற்றுவார்கள். பின்புறம் முன்புறமாகிவிடும்.

இதை அறிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அத்தனைக்கும் தோணி என்னுடையது.

கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. வாப்பா பெரிய வீட்டை என் மூத்த சகோதரிக்கு எழுதினார். எனக்குச் சிறிய வீட்டையும், குறை தோன்றாதிருக்கத் தோணியையும் சீதனமாக எழுதினார். பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் பெண்ணுக்குத் தோணி எதற்கு என்று உறவினர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தம்பி அதை ஓட்டினான். தோணிக்குரிய பங்கு மீன் என் வீட்டுக்கு வந்தது. அது யாருடையது என்ற பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை.

பின்னர் ஒருமுறை, என் சம்மதத்துடன் தோணியின் இயந்திரத்தை விற்று, அவன் கட்டாருக்குப் போனான். அங்கு வேலை நிலைக்காமல் திரும்பி வருவதற்குள் இங்கே ஒரு மீன்பிடிப் பருவம் முடிந்திருந்தது. தோணி தென்னங்கிடுகுக்குக் கீழே கிடந்தது.

கடல் மணலைத் தின்னத் தின்ன, தோணி ஏற்றி வைக்கும் இடம் எங்கள் கரையில் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பருவம் கடல் காணாத தோணியின் இடம் அடுத்தவருக்குப் போகும். காத்துக்கொள்ள விரும்பினால், உரிமையாளர் தாமே ஏறிக் கடலுக்குப் போய் வர வேண்டும். ஊருக்குள் இருந்துகொண்டு மணலைப் பிடித்து வைப்பவர்களுக்கு எதிராக எழுந்த வழக்கம் அது. நியாயமான வழக்கம் என்றே இன்றும் சொல்வேன்.

கரைச் சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து முடித்த பிறகே அதை நினைவூட்டினார். அவருடைய மருமகன் புதிதாக ஓர் இயந்திரப் படகு வாங்கி, இடமில்லாமல் நிற்பதை ஊரே அறியும். தமக்கு மனவருத்தம்தான் என்றும், ஆனால் எளிய வழியொன்று உண்டு என்றும் சொன்னார். தோணியைத் தம்பியின் பெயருக்கு மாற்றிவிட்டால், அவன் ஒரு நாள் போய் வருவான், காரியம் முடிந்தது.

தம்பிக்கும் அது சரியாகவே பட்டது.

“ராத்தா, என்ட பேருக்குப் போட்டா முடிஞ்சிதுதானே. ஏன் இந்தக் கரைச்சல்?”

“முடியிறது என்ட உரிமை, தம்பி. நான் ஏறிப் போறன்.”

செயலாளர் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். இயந்திரமும் இல்லையே என்றார். பாய் இருக்கிறது என்றேன்.

பாயும் இருக்கவில்லை, எலி அரித்த கந்தல் ஒன்று இருந்தது. புதுத்துணி வாங்கி, முன்னறையில் விரித்து, என் தையற்பொறியில் நானே தைத்தேன். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து, மரப்பட்டை அவித்த நீரில் அதை ஊறவைத்தான். அப்படிச் செய்யாத துணி உப்புக்காற்றில் உக்கிவிடுமாம். அதைப் பிழிந்து காயப்போட்டதில் என் கைகள் முழங்கை வரை செம்மை ஏறிக் கிடந்தன. அந்தக் கைகளோடுதான் கலியாண வீடொன்றுக்கும் போனேன்.

கச்சான் காற்று சீராக வீசிய ஒரு காலையில், சுபஹு தொழுதுவிட்டுக் கரைக்கு வந்தேன். தம்பியும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் தோணியை நீருக்குள் இறக்கியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பலர் கூடியிருந்தனர்.

“டீச்சர், மீனுக்குப் பேர் கூப்பிட இடாப்பு எடுத்தாச்சா?” என்றான் ஒருவன். என்னிடம் படித்தவன்.

“மீனெல்லாம் ஒழுங்கா வரும் மகன். எட்டாம் வகுப்பில வராம நிண்டது நீதான்.”

அவனைச் சூழ நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

போகும்போது தரைக்காற்று எங்களைத் தள்ளியது. இயந்திரத்தின் இரைச்சல் இல்லாத கடலில், தைத்த பலகைகள் ஒன்றோடொன்று உரசி முனகுவது கேட்டது. நான் இருமுறை வாந்தி எடுத்தேன். தம்பி கடலைப் பார்த்தபடி இருந்தான்; அது அவன் செய்த மரியாதை. பள்ளிவாசல் மினாராக்கள் விரல் நகமளவு சிறுத்தபோது வலையை விட்டார்கள்.

நண்பகலுக்குப் பின் காற்று கடலிலிருந்து எழுந்தது. பாயும் சுக்கானும் முனை மாறின. நானும் மாறி உட்கார்ந்தேன். காற்று வலுத்தது. மிதவைக் கட்டை நீரை விட்டுத் தூக்கலாயிற்று. அதை அழுத்தக் கூட்டாளி கழிகளின் மேல் ஏறி நின்றான். அப்போதும் அது தூக்கியது.

“ஓராள் காணாது, ராத்தா,” என்றான் தம்பி. குரலில் கேலி இல்லை. “நீங்களும் போங்க.”

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கழிமேல் தவழ்ந்து போய், கூட்டாளியின் அருகே குந்தினேன். கட்டை நீரில் படிந்தது. தோணி நிமிர்ந்து ஓடியது. வழக்கத்தை நிறைவேற்ற ஏற்றிய சுமையாக அதுவரை இருந்தேன். அந்தக் கணத்தில் நான் இறங்கியிருந்தால் தோணி கவிழ்ந்திருக்கும்.

கரைக்கு வந்தபோது எங்கள் இடத்தில் மருமகனின் படகு ஏற்றப்பட்டிருந்தது. போன தோணி திரும்பாது என்று எண்ணினார்களோ, திரும்பினாலும் நான் வாய் திறக்கமாட்டேன் என்று எண்ணினார்களோ, அறியேன். தோணி ஈரமணலில் முட்டி நின்றது. இழுக்க வந்தவர்கள், பாரமாக இருக்கிறது, இறங்குங்கள் என்றார்கள். நான் மிதவைக் கழியிலிருந்து தோணிக்குள் வந்து நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

செயலாளர் வந்தார். இன்றைக்கு மட்டும் பக்கத்தில் எங்காவது ஏற்றிவைக்கலாம் என்றார்.

“உரிமைக்காரர் ஏறணும் எண்டு சொன்னீங்க, ஏறினன். எங்க இறங்கணும் எண்டு நீங்க சொல்லல்ல. அத நான் சொல்றன். என்ட இடத்திலதான்.”

அலை வந்து தோணியை அசைத்தது. முதலில் அசைந்தவன் காலையில் இடாப்புக் கேட்டவன். அவன் போய் அந்தப் படகின் விளிம்பில் கைவைத்ததும் மற்றவர்களும் போனார்கள். படகு ஓரமாக நகர்ந்தது. பிறகு என்னோடு சேர்த்துத் தோணியை இழுத்தார்கள். மருமகனும் ஒரு கை பிடித்தான்.

எங்கள் மணலில் தோணி நின்ற பிறகே இறங்கினேன். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பருவத்தின் முதல் நாளும் அபாயாவைச் செருகிக்கொண்டு கரைக்குப் போனேன். இம்முறை எவரும் என்னை ஏறச் சொல்லவில்லை. ஏறினேன்.