தொண்ணூற்று நாலாவது பட்டை

1961ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் தபாலில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு என் அண்ணை எடுபட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. ஆவணி முதற் கிழமையில் போய்ச் சேரவேண்டும். அவருக்கு வயது இருபத்துநாலு. வயதெல்லைக்குள் அவர் விண்ணப்பிக்கக்கூடிய கடைசி ஆண்டு அது. எனக்குப் பதினேழு.

கடிதத்தை அம்மா சாமிப் படத்தடியில் வைத்தார். ஐயா அதை எடுத்து இரண்டுமுறை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனித் துலா உனக்குத்தான்" என்றார்.

எங்கள் தோட்டம் மருதனார்மடத்துக்கு மேற்கே இருந்தது. மிளகாயும் வெங்காயமும். கிணற்றருகே நட்ட ஆடுகால் என்ற தூணில் துலா என்ற நீண்ட மரம் குறுக்கே கிடக்கும். அதன்மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்கவேண்டும். முன்னே நடந்தால், தண்ணீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவது ஐயா. குடலிறக்கம் வந்தபின் அவரால் மிதிக்க முடியாது. பாத்திகளுக்குத் தண்ணீரை மாறிவிடுவது நான். மிதிப்பது அண்ணை. அவர் போவதென்றால் நான் துலாவில் ஏறவேண்டும், என் வேலையை அம்மா பார்ப்பார் என்பது ஏற்பாடு. இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் பிடிக்க ஐயா சம்மதிக்கவில்லை.

என் கால்களில் ஏதோ பிழை இருப்பது எனக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடத்தில் பந்தடிக்கும்போது நான் எப்போதும் கோல் காப்பவன். ஓடினால் கெண்டைக்கால் இறுகும். ஏன் ஓடுவதில்லை என்று யாரும் கேட்டதில்லை; நானும் சொன்னதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை முதன்முதலாகத் துலாவில் ஏறினேன். ஐம்பதாவது பட்டைவரை சுகமாகவே போனது. எழுபதில் கெண்டைக்கால்கள் உள்ளிருந்து விம்மத் தொடங்கின. எண்பதில் தோலுக்குள் இடம் போதாததுபோல் வலித்தது. தொண்ணூறைத் தாண்டியதும் பாதங்கள் விறைத்துவிட்டன. மரம் காலில் படுவதே தெரியவில்லை. முன்பாதத்தைத் தூக்க நினைத்தால் அது எழும்பவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"என்ன, பள்ளிக்கூட மணி அடிச்சிட்டுதோ?" என்று அயல் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உப்பிடி இறைச்சா உங்கடை மிளகாய் செடியிலையே காய்ஞ்சு செத்தலாகும் தம்பி."

ஐயா கிணற்றடியிலிருந்து வந்தார். "எங்கை, காட்டு பாப்பம்" என்று கெண்டைக்காலை அமத்திப் பார்த்தார். பட்டையை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் வந்து சேர்வதற்குக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. தசை இளகிவிட்டது. நோவும் இல்லை.

"ஒண்டும் இல்லையே."

"இப்ப இல்லை ஐயா. அப்ப இருந்தது."

"சைக்கிள் ஓடேக்கை நோகாத கால், துலாவிலை மட்டும் நோகுதோ? கள்ளம்!"

அதுதான் இந்த நோயின் குணம். காட்டப் போகும் நேரத்தில் இருக்காது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீட்டுக்கு ஆறுதலாக நடந்துபோனேன். அங்கும் கால் நன்றாகவே இருந்தது. வாதம் என்று எண்ணெய் தந்தார். அம்மா அதைத் தேய்த்து, ஆமணக்கிலையைச் சூடாக்கி வைத்து, பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டிய நாளில் எழுபதிலேயே பாதம் விறைத்தது.

நான் எதையும் எழுதி வைக்கிறவன். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் நாள், கிழமை, எந்தப் பட்டையில் இறுகியது, எதில் விறைத்தது, இறங்கி எத்தனை நிமிடத்தில் இளகியது என்று குறித்துவந்தேன். ஐந்து கிழமைக் குறிப்பு. கட்டுப்போட்ட அந்த ஒரு நாளைத் தவிர மற்ற எல்லா நாட்களிலும் விறைத்தது தொண்ணூறுக்கும் தொண்ணூற்றாறுக்கும் இடையில். நான் இறங்கியதும் அண்ணை ஏறி மீதியை மிதிப்பார். பழகினால் சரிவரும் என்று அவரும் நினைத்திருந்தார்.

அவர் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. றங்குப்பெட்டி அடுக்கியாகிவிட்டது. அண்ணை கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டியும் சேட்டுமாகத் தோட்டத்துக்கு வந்து, துலாவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எப்படியும் நூறைத் தாண்டுவது என்று ஏறியிருந்தேன். தொண்ணூற்று நாலாவது பட்டையில் வலது பாதம் மடிந்து மரத்திலிருந்து வழுகியது. பட்டை கிணற்றுக்குள் விழுந்தது. நான் கயிற்றில் தொங்கினேன்.

அண்ணை ஓடிவந்து இடுப்பில் பிடித்து இறக்கினார். இறக்கிய கையோடு கெண்டைக்காலைப் பிடித்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, இஞ்சை வாங்கோ. கெதியா வாங்கோ. கல்லு மாதிரிக் கிடக்கு."

ஐயா கிணற்றுக்குள் விழுந்த பட்டையைக் கொளுவி எடுத்துக்கொண்டிருந்தார். "உவன்ரை கூத்தைப் பாக்க எனக்கு நேரமில்லை" என்றார்.

ஐந்து கிழமையாக ஒருவராவது நம்பவேண்டும் என்று காத்திருந்தவன் நான். மடியிலிருந்த கொப்பியை எடுத்து அண்ணையிடம் கொடுத்தேன். அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு, "கள்ளம் அடிக்கிறவன் ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணிலை அடிப்பானோ?" என்று தனக்குத்தானே சொன்னார்.

கொப்பியைத் திருப்பித் தந்தார். சேட்டைக் கழற்றி வேலியில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணை, நாளைக்கெல்லோ பயணம்?"

"நீ போய்த் தண்ணியை மாறு தம்பி."

ஏறி மிதிக்கத் தொடங்கினார். ஐயா பட்டையை இறக்கினார். நான் வீட்டுக்குப் போனபோது அம்மா றங்குப்பெட்டியிலிருந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அன்றைய தேதியின் கீழ் என் கொப்பியில் 94 என்று மட்டும் இருக்கிறது.

அவர் என்னை நம்பாமல் இருந்திருந்தால் போயிருப்பார். இதை நான் பல ஆண்டுகளாகப் பல விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நம்பவைத்தது என் கொப்பி.

1963 தை மாதத்தில் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் மெசின் வந்தது. துலாவைக் கழற்றினார்கள். அண்ணைக்கு அப்போது வயது கடந்துவிட்டிருந்தது. நான் சோதனை பாஸ்பண்ணி அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனானேன். கதிரையில் இருந்து செய்யும் வேலை. அண்ணை தோட்டத்திலேயே நின்றார். மாலையில் அயற்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எல்லோரும் சொல்வார்கள்.

1980இல் ஒரு வைத்தியர், நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, விறாந்தைப் படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். விறைக்கும்வரை நிற்க விடவில்லை. விறைத்த உடனே உட்காரவைத்துக் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். தசையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. வேலை செய்யும்போது தசை வீங்கும், உங்கள் உறை இடம் கொடுப்பதில்லை, அதனால் இரத்த ஓட்டம் குறைந்து நரம்பு நெரிபடுகிறது. உறையைக் கீறிவிட்டால் சரி என்றார்.

"இத்தனை வருசமா ஒருத்தரும் அந்த நேரம் பாத்துக் கையை வைச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"ஒருத்தர் பாத்தவர்" என்றேன்.

இந்தச் சத்திரசிகிச்சை எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டேன். நாள் தேதி கேட்பது என் பழக்கம். தான் மாணவனாக இருந்த காலத்திலேயே செய்வதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அவர் தலை முழுதும் நரைத்திருந்தது.

இரண்டு கால்களையும் கீறித் தைத்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, புரட்டாதியில், ஊருக்குப் போனேன். மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு மைல் தூரம், நிற்காமல் வேகமாக நடந்தேன். வாழ்க்கையில் முதன்முறை. அண்ணை வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மெசின் சத்தத்தில் நான் வந்தது கேட்கவில்லை. அருகே போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, காற்சட்டையை உயர்த்தச் சொன்னார். குந்தியிருந்து, தழும்பில் படாமல், சேற்றுக் கையால் கெண்டைக்காலை அமத்திப் பார்த்தார்.

"நடந்தோ வந்தனி?"

"ஓம். நடந்து."

"இளகித்தான் கிடக்கு." எழும்பவில்லை. கையும் எடுக்கவில்லை. "தம்பி, உதை அந்த நேரத்திலையும் செய்திருக்கலாமோ?"

"இல்லை அண்ணை" என்றேன். "உது இப்பத்தான் வந்தது."

"அப்ப சரி" என்றார். எழுந்து மண்வெட்டியை எடுத்து, நிரம்பிய பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டார்.